கூடப் பிடிக்கும் கரம்

குடும்ப பலிபீடம் – மாதாந்தரப் பகுதி



பிழைப்பைத் தேடி மும்பைக்கும் புனேவுக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், ஆராதனை முடிந்தபின் போதகரிடம் சொல்லப்படும் ஜெப விண்ணப்பங்களுள் ஒன்று தவறாமல் இடம் பெறுகிறது. "ஊரில் அம்மா தனியாக இருக்கிறார்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள்." அந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமமாக இருக்கலாம், நாகர்கோவிலாக இருக்கலாம். ரயிலில் ஒன்றரை நாள் பயணத் தொலைவு. வேறு சில வீடுகளிலோ இக்கதை இந்த நகரத்திலேயே நடக்கிறது. தாராவியிலும் செம்பூரிலும் நாற்பது ஆண்டுகள் உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றிய பெற்றோர், பிள்ளைகள் வேறு நகரத்துக்கும் வேறு நாட்டுக்கும் சென்றபின், அதே வீட்டில் தனித்து விடப்படுகிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படியே நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல் இருந்தார்கள். அந்தப் பெருங்கூட்டத்தில் நம் தகப்பன்மாரும் தாய்மாரும் இருக்கிறார்கள்.

இந்தக் கவலைக்கு நாம் பெரும்பாலும் இரண்டு விடைகளையே அறிந்திருக்கிறோம். ஒன்று, அவர்களுடைய வீட்டைப் பூட்டிவிட்டு நம்மோடு அழைத்து வந்துவிடுவது. மற்றொன்று, மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொலைபேசியில் சுகம் விசாரிப்பது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. முதியவர் தம் வீட்டிலேயே, தம் பழக்கங்களோடேயே, தம்மால் இயன்றதைத் தாமே செய்துகொண்டு வாழும்படி, அவருக்கு அருகில் ஒரு துணையாளை நிறுத்துவது அந்த வழி. அதைக் குறித்து இம்மாதம் சிந்திப்போம்.

எண்பது வயதுப் பெரியவரின் விண்ணப்பம்

2 சாமுவேல் 19-ஆம் அதிகாரத்தில் பர்சிலா என்னும் கீலேயாத்தியனைச் சந்திக்கிறோம். அப்சலோமுக்குத் தப்பி தாவீது மக்னாயீமில் தங்கியிருந்த நாட்களில், படுக்கையும் பாத்திரங்களும் கோதுமையும் பயறும் தேனும் கொண்டுவந்து தாங்கியவர்களில் அவர் ஒருவர். யுத்தம் முடிந்து அரசன் எருசலேமுக்குத் திரும்புகையில், அந்த எண்பது வயதுப் பெரியவரைத் தன்னோடு வரும்படி அழைக்கிறான். அரண்மனையில் வைத்துப் பராமரிப்பதாக வாக்களிக்கிறான். நன்றியுள்ள ஒரு மகன் செய்யக்கூடியதுதான் அது.

பர்சிலாவோ பணிவோடு மறுக்கிறார். தம் நாவுக்கு ருசி தெரியவில்லை, காது பாட்டைக் கேட்க உதவவில்லை, இன்னும் எத்தனை நாள் உயிரோடிருப்பேன் என்று தம் நிலையை மறைக்காமல் சொல்கிறார். அரசனுக்குத் தாம் ஏன் பாரமாயிருக்க வேண்டும் என்கிறார். யோர்தானுக்கு அப்பால் சிறிது தூரம் வழியனுப்ப வருகிறேன், அதன் பின் என் தாய் தகப்பன் கல்லறை இருக்கும் சொந்தப் பட்டணத்தில் மரிக்கும்படி என்னைப் போகவிடும் என்று மன்றாடுகிறார்.

தாவீது என்ன செய்தான்? "நான் சொல்வதைக் கேளும்" என்று அதட்டவில்லை. அவரை முத்தமிட்டு, ஆசீர்வதித்து, அவருடைய இடத்துக்கே அனுப்பினான். அத்துடன் மறந்துவிடவும் இல்லை. தன் மரணப்படுக்கையில், பர்சிலாவின் குமாரருக்குத் தயவு செய்யும்படி சாலொமோனுக்குக் கட்டளையிட்டதை 1 இராஜாக்கள் 2:7-இல் வாசிக்கிறோம். முதியவரின் விருப்பத்தைக் கேட்டதும் அன்பு. அவரை நினைவில் வைத்திருந்ததும் அன்பு. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மாத்திரம் செய்யும்போதுதான் நம் வீடுகளில் கண்ணீர் வருகிறது.

அன்பே முடமாக்கும் விதம்

ஊரில் தனித்திருக்கும் எழுபத்தைந்து வயதுத் தாயார் ஒருவரை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். விடியுமுன் எழுந்து ஜெபிக்கிறார். குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். முற்றம் தெளிக்கிறார். நான்கு கோழிகளுக்குத் தீனி வைக்கிறார். பத்து நிமிடம் நடந்து சபைக்குப் போகிறார். வழியில் ஐந்து பேர் நின்று பேசுகிறார்கள். மளிகைக் கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். இவை அற்பமான காரியங்களாகத் தோன்றும். ஆனால் அவருடைய கால்களுக்கு வலிமையும், நினைவுக்குக் கூர்மையும், மனதுக்கு மகிழ்ச்சியும் தருபவை இவையே.

அவரை நகரத்துக்கு அழைத்து வருகிறோம். வீடு ஏழாம் மாடியில். மின்தூக்கி பாதி நாள் ஓடாது. அக்கம்பக்கத்தில் பேசும் மராத்தியும் இந்தியும் அவருக்குப் புரியாது. காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். "அம்மா, அடுப்புப் பக்கம் போகாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், பேசாமல் உட்கார்ந்திருங்கள்" என்பது அன்பான கட்டளை. அந்தக் கட்டளைக்கு அவர் கீழ்ப்படிந்தால், சில மாதங்களில் உண்மையாகவே எழுந்து நடக்க இயலாதவராகிவிடுவார்.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. பயன்படுத்தாத தசை சுருங்குகிறது. இளைஞனைவிட முதியவருக்கு அது விரைவாகச் சுருங்குகிறது. திரும்பப் பெறுவதோ கடினம். ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுக்கையில் கிடந்த முதியவர், காய்ச்சல் நீங்கிய பின்னும் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடைத் தசை தளர்ந்தால் நாற்காலியிலிருந்து எழ முடியாது. எழ முடியாதவர் கழிவறைக்குப் பிறரை எதிர்பார்க்கிறார். அந்த வெட்கத்துக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். தண்ணீர் குறைந்தால் தலைச்சுற்றலும் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அவருடைய சுயாதீனம் கைவிட்டுப் போகிறது.

ஊரிலே தனித்து விடுவதிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் உண்டு. ஒருவருக்காக என்ன சமைப்பது என்று காலையில் வடித்த கஞ்சியையே இரவும் குடிக்கிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டு உணவைத் தவிர்க்கிறார்; இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால் பார்ப்பதற்கு ஆளில்லை. பேசுவதற்கு யாருமில்லாத நாட்கள் வாரங்களாகின்றன. தனிமை என்பது வெறும் மனவருத்தம் அல்ல, உடலையும் கெடுக்கும் காரியம் என்று உலக சுகாதார நிறுவனமே இப்போது எச்சரிக்கிறது. 2023-இல் இதற்கென ஓர் ஆணையத்தையும் அது ஏற்படுத்தியது.

துணையாள் என்பவர் யார்?

துணையாள் செவிலியர் அல்லர். ஊசி போடுவதும் புண்ணுக்குக் கட்டுவதும் அவர் வேலையல்ல. வீட்டு வேலைக்காரரும் அல்லர். பாத்திரம் துலக்கி முடித்துவிட்டுப் போய்விடுபவர் அல்லர். முதியவரோடு சில மணி நேரம் இருந்து, பேசி, நடந்து, கடைக்கும் மருத்துவமனைக்கும் சபைக்கும் கூடச் சென்று, அவர் செய்யக்கூடியதை அவரே செய்யும்படி அருகில் நிற்பவர். அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதை இவருக்காக நான் செய்ய வேண்டுமா, இவரோடு நான் செய்ய வேண்டுமா?"

பரிசுத்த ஆவியானவரின் ஊழியத்தை அறிந்த நமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. தேற்றரவாளன் என்று நம் வேதாகமத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, பக்கத்தில் நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது பொருள். ரோமர் 8:26-இல் ஆவியானவர் நம் பலவீனத்தில் உதவுகிறார் என்று பவுல் எழுதும்போது ஆளும் வினைச்சொல்லோ, பாரத்தின் மறுமுனையைக் கூடச் சேர்ந்து பிடித்தல் என்னும் கருத்துடையது. லூக்கா 10:40-இல் மார்த்தாள் தன் சகோதரி தனக்கு உதவ வேண்டும் என்று கேட்கும்போதும் அதே சொல் வருகிறது. ஆவியானவர் நமக்குப் பதிலாக ஜெபித்துவிட்டு நம்மை உறங்கச் சொல்பவர் அல்லர். ஜெபிக்கத் தெரியாத நம்மோடு சேர்ந்து பாரத்தைத் தூக்குகிறவர். நல்ல துணையாளும் அப்படியே. பாரம் முழுவதையும் பிடுங்கிக்கொள்வதில்லை, மறுமுனையைப் பிடிக்கிறார்.

பவுலுக்கும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார். 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், முதிர்வயதில் சிறையில் இருக்கும் அப்போஸ்தலன், லூக்கா மாத்திரம் தன்னோடிருப்பதாக எழுதுகிறார். அதோடு, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார். குளிருக்கு ஓர் அங்கி, படிப்பதற்குப் புஸ்தகங்கள், பக்கத்தில் ஒரு மனிதர். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட தேவமனிதனுக்கே இவை தேவையாயிருந்தன என்றால், நம் பெற்றோர் இவற்றைக் கேட்பதில் விசுவாசக் குறைவு எங்கே இருக்கிறது?

ஒரு நாளின் ஒழுங்கு

துணையாள் நாள் முழுதும் இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் மூன்று மணி நேரம் பலருக்குப் போதும். அந்த மூன்று மணி நேரத்தில் என்னென்ன செய்யலாம்?

வந்தவுடன் இரவு எப்படித் தூங்கினார், காலை உணவு என்ன, மாத்திரை போட்டாயிற்றா என்று விசாரிக்கலாம். ஞாயிறு முதல் சனி வரை அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து முதியவரே அதை நிரப்பட்டும், துணையாள் சரிபார்க்கட்டும். வெயில் ஏறுமுன் இருவரும் தெருமுனைவரை நடந்து வரலாம். திரும்பி வந்து, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை, மருத்துவர் சம்மதத்தோடு, களைப்பில்லாத அளவு செய்யலாம். கழிவறைக்குத் தனியே சென்று வரும் பலம் இந்தச் சிறு பயிற்சியில்தான் காக்கப்படுகிறது.

பின்பு சமையல். கண் மங்கியவர் அரிவாள்மனையில் உட்கார வேண்டாம். ஆனால் கீரை ஆயலாம், பூண்டு உரிக்கலாம், உப்பு புளி பார்த்துச் சொல்லலாம். குழம்பின் பக்குவம் அவருடையது. அடுப்படியில் நிற்கும் கால்கள் துணையாளுடையவை. அந்த வீட்டுக்கு இன்னும் அவரே எஜமானி என்பது அப்போதுதான் நிலைநிற்கும். சேர்ந்து சாப்பிட ஒருவர் இருந்தால் இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கும்.

வேதாகமத்தை வாசிக்கக் கண் உதவாவிட்டால் துணையாள் ஓர் அதிகாரம் வாசிக்கலாம்; வாசிக்கத் தெரியாத துணையாளுக்கு முதியவர் மனப்பாட வசனங்களைச் சொல்லிக் கொடுக்கலாம். பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசக் கைபேசியைத் திறந்து கொடுக்கலாம். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்து, அவர் விரலாலேயே அழுத்த வைப்பது அதைவிட மேல். காது மந்தமானவருக்கு மருத்துவர் ஆலோசனையோடு காதுக்கருவி வாங்கிக் கொடுங்கள். கேளாமை மனிதரைக் கூட்டத்திலிருந்து ஒதுக்குகிறது. மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் அதுவும் ஒன்று என்று மருத்துவ ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

விழாமல் காத்தல்

முதியோரின் சுயாதீனத்தை ஒரே நொடியில் பறிப்பது கீழே விழுதல். இடுப்பெலும்பு முறிந்தபின் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. துணையாள் வேலைக்கு வரும் முதல் வாரத்திலேயே அவரும் முதியவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு உண்டா? கழிவறையில் பிடித்து எழும்ப உறுதியான கைப்பிடி சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறதா? படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவில் எரியும் சிறு விளக்கு உண்டா? வாசற்படியின் விளிம்பு தெரிகிறதா? தேய்ந்த ரப்பர் செருப்பு மாற்றப்பட்டதா? மடிந்து கிடக்கும் சாக்கும் மிதியடியும் நீக்கப்பட்டனவா? கண்புரை பரிசோதிக்கப்பட்டதா?

இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் படுக்கையிலிருந்து திடீரென எழக்கூடாது. எழும்போது அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். முதலில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் பொறுத்து, பிறகு எழ வேண்டும். விடியற்கால ஜெபத்துக்கு எழும்பும் நம் தாய்மார்களுக்கு இது முக்கியமாகச் சொல்லப்பட வேண்டும். முழங்கால்படியிட்டு ஜெபித்தவர் எழும்பவும் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

துணையாள் செய்யத் தகாதவை

முதியவரைக் குழந்தையாக்கிப் பேசக்கூடாது. "ஆச்சி, இன்றைக்குக் கடைக்குப் போவோமா, நாளைக்குப் போவோமா?" என்று கேட்க வேண்டுமேயன்றி, "நட" என்று கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பர்த்திமேயு பார்வையற்றவன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நம் ஆண்டவர் அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). கேட்பது மரியாதை.

பணம், நகை, வங்கி அட்டையின் இரகசிய எண், சொத்துப் பத்திரம் இவற்றில் துணையாள் தலையிடக்கூடாது. கடைக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு சிறு நோட்டில் கணக்கு எழுதப்படட்டும். அது துணையாளையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

ஜெபத்தின் பேரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் துணையாளுக்கு அதிகாரமில்லை. தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற ஜனம் நாம். ஆனால் இன்சுலினையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஒருவர் சொல்லி மற்றொருவர் திடீரென நிறுத்துவது விசுவாசமல்ல, விபரீதம். பவுலின் பக்கத்தில் கடைசிவரை நின்ற லூக்காவை, பிரியமான வைத்தியன் என்றே கொலோசெயர் 4:14 அறிமுகப்படுத்துகிறது. ஜெபமும் மருந்தும் ஒரே வீட்டில் சமாதானமாக இருக்கலாம்.

யாரை, எவ்வாறு தெரிந்துகொள்வது?

முதலாவது, முதியவரைக் கேளுங்கள். அவருக்குப் பிடிக்காத ஒருவரை மகன் தொலைபேசியில் நியமிப்பது நிலைக்காது. ஒரு வாரம் சோதனையாக வரச் செய்து, அதன்பின் அவரே தீர்மானிக்கட்டும். தாயாருக்குப் பெண் துணை, தகப்பனாருக்கு ஆண் துணை என்பது நம் குடும்பங்களுக்கு இசைவானது. அடையாள அட்டையின் நகலும் முகவரியும் வாங்கி வையுங்கள். முகமை வழியாக வருகிறவரானால் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்ததா என்று கேளுங்கள். அண்டை வீட்டார் ஒருவரிடமும் உள்ளூர்ப் போதகரிடமும் சொல்லி வையுங்கள். முன்னறிவிப்பின்றி அவர்கள் இடையிடையே வந்து பார்க்கட்டும்.

கூலியைக் குறித்தும் ஒரு சொல். பெரும்பாலும் விதவையான சகோதரிகளும் வறுமையிலிருக்கும் பெண்களுமே இவ்வேலைக்கு வருகிறார்கள். "சபைக்காரிதானே, ஊழியமாகச் செய்யட்டும்" என்று கூலியைக் குறைக்காதீர்கள். கூலிக்காரரின் பிடிக்கப்பட்ட கூலி கர்த்தரை நோக்கிக் கூப்பிடும் என்னும் எச்சரிப்பை யாக்கோபு 5:4-இல் நினைவுகூருங்கள். வேலை நேரத்தையும் சம்பளத்தையும் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். அவருக்கும் ஆராதனை உண்டு, பிள்ளைகள் உண்டு.

சபை செய்யக் கூடியது

2007-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை இயற்றியது. பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள் தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை பெற அச்சட்டம் வழி செய்தது. பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அது குறிப்பிட்டது. நல்ல சட்டம். ஆயினும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்படி எந்தத் தீர்ப்பாயமும் கட்டளையிட முடியாது. சட்டம் நிற்கும் அந்த இடத்தில்தான் சபையின் வேலை தொடங்குகிறது.

ஆதித் திருச்சபை விதவைகளின் அன்றாட விசாரணையில் குறை உண்டென்று கேட்டபோது, ஜெபித்துவிட்டு மாத்திரம் கலையவில்லை. ஏழு பேரை நியமித்து ஒழுங்கு செய்தது (அப்போஸ்தலர் 6). கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பின்னர் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பி மாநிலமெங்கும் பரவியது. மும்பையில் 1995-இல் தொடங்கப்பட்ட டிக்னிட்டி பவுண்டேஷன் முதியோரின் தனிமை நீக்கும் பணியில் முன்னோடியாயிற்று. 2022-இல் அதே நகரில் இளைஞர்களை முதியோருக்குத் தோழராக அனுப்பும் குட்ஃபெலோஸ் நிறுவனம் ரத்தன் டாடாவின் ஆதரவோடு தோன்றியது. உலகத்தார் கண்ட தேவையை, ஒவ்வொரு வாரமும் கூடிவரும் நாம் காணாதிருக்கலாமா?

உங்கள் சபையில் எழுபது வயதைக் கடந்தவர்களின் பட்டியலை எழுதுங்கள். யார் தனித்திருக்கிறார்கள், யார் பகலெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். வாலிபர் கூட்டத்திலும் சகோதரிகள் கூட்டத்திலும் இரண்டிரண்டு பேராக, வாரம் இருமுறை ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்கு என்று முறை வையுங்கள். போகிறவர்கள் ஜெபித்துவிட்டு உடனே எழும்பிவிடாமல், மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் கூடச் செல்லட்டும். ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்காக, அங்குள்ள சபையோடு தொடர்பு கொள்ளுங்கள். உங்கள் காணிக்கையோடு அங்குள்ள ஒரு விதவைக்குத் துணையாள் வேலை கிடைத்தால், ஒரே செயலில் இரு வீடுகள் தாங்கப்படும்.

அரசின் உதவிகளையும் அறிந்திருங்கள். முதியோருக்கென 2021-இல் தேசமெங்கும் தொடங்கப்பட்ட கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14567. ஆலோசனைக்கும் கொடுமைப்படுத்தப்படுகிறவர்களுக்கான உதவிக்கும் அதை அழைக்கலாம். 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, வருமான வரம்பின்றி எழுபது வயதானோர் யாவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியது. வீட்டுத் துணையாளின் சம்பளத்தை அது தராது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீடு தேடி வந்தன. உங்கள் பெற்றோர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

துணை போதாத காலம்

எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் இவ்வழி பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அடுப்பை அணைக்க மறப்பவர், வழி மறந்து தெருவில் அலைபவர், அடிக்கடி விழுகிறவர், படுக்கையிலேயே கிடப்பவர் ஆகியோருக்குச் சில மணி நேரத் துணை போதாது. அப்போது முழுநேரப் பராமரிப்போ, நம் வீட்டில் ஓர் இடமோ தேவைப்படும். சிலுவையிலிருந்தபோது நம் ஆண்டவர் தம் தாயைச் சீஷனிடம் ஒப்புவித்தார். அவன் அவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான் (யோவான் 19:27). அழைத்து வருவதும் அன்பே, அதற்கான நாள் வந்திருக்கும்போது. அப்படி வரும் பெற்றோருக்கு நகரத்திலும் ஒரு துணையாள் தேவை என்பதை மறவாதீர்கள். தமிழ் பேசும் ஒருவர், சபைக்குக் கூட்டிச் செல்லும் ஒருவர், கீரை ஆயக் கொடுக்கும் ஒருவர்.

துணையாளை வைத்துவிட்டதால் பிள்ளைகளின் கடமை தீர்ந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தவிர்த்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7-ஆம் அதிகாரம் காட்டுகிறது. துணையாளின் சம்பளமும் அப்படிப்பட்ட ஒரு சாக்காகிவிடக் கூடாது. துணையாள் உங்களுக்குப் பதிலாள் அல்லர்.

பிரியமானவர்களே, இம்மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தாயாரையோ தகப்பனாரையோ அழைத்து, "உங்களுக்கு எது கடினமாயிருக்கிறது? எதை நீங்களே செய்ய விரும்புகிறீர்கள்?" என்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இடைமறியாமல் கேளுங்கள். முதல் கேள்வியின் பதிலில் துணையாளுக்குரிய வேலை இருக்கிறது. இரண்டாம் கேள்வியின் பதிலை ஒருவரும் அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்களைச் சுமந்து வளர்த்த பெற்றோருக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். தனித்திருக்கும் ஒவ்வொரு தாயின் வாசலிலும் தகப்பனின் வாசலிலும் ஒரு நல்ல துணையை நிறுத்தும். அவர்களுடைய கால்களுக்குப் பெலனும், எங்கள் காதுகளுக்குக் கேட்கும் மனமும், எங்கள் சபைகளுக்குச் செயல்படும் அன்பும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.